ஆயிரம் பொய்க்கு ஒரு படி எண்ணெய்

ஊஞ்சப்பாளையத்து மயிலாத்தாளின் மோட்டார் சைக்கிள் பொய்க்கு ஒழுக ஆரம்பித்தது ஓர் ஆடி மாதத்தில். ஆடியில் யாரும் கல்யாணம் பேசமாட்டார்கள், கல்யாணம் பேசாத மாதத்தில் ஊரில் பொய்யும் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால் அதை யாரும் உடனே கண்டுகொள்ளவில்லை. ஆவணி பிறந்தது, முகூர்த்தங்கள் வந்தன, மஞ்சள் பைகளிலிருந்து ஜாதகங்கள் வெளியே வந்தன. அப்புறம்தான் தெரிந்தது.

மயிலாத்தாள் கல்யாணத் தரகு பார்க்கிறவள். அவள் புருஷன் சென்னியப்பன் பார்த்த தொழில் அது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்காமலே போனபோது, அவர் விட்டுப்போனவை ஒரு பை நிறைய ஜாதகங்களும், பாதி பேசி நின்ற சில சம்பந்தங்களும், இந்த வண்டியும்தான். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. டேங்கில் எழுதியிருந்த பெயர் பல சொந்தக்காரர்களின் முழங்கால் பட்டுப்பட்டு அழிந்து, தான் எந்தக் கம்பெனி என்பது வண்டிக்கே மறந்துபோயிருக்கும். கருமாதி முடிந்த கையோடு மயிலாத்தாள் அதை வற்றிக்கிடந்த குளத்துக்குள் தள்ளிக்கொண்டு போய், கொக்குகளும் எருமைகளும் பார்த்திருக்க விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டு, சேலையை வரிந்து கட்டி ஊருக்குள் தடதடவென்று ஓட்டி வந்தாள். தம்பி திருப்பூரிலிருந்து வந்து, "அக்கா, இதென்ன வேல? பேசாம வந்து எங்க வீட்டோட இருந்துக்கோ" என்றான். தம்பி வீட்டோடு இருப்பதென்றால் தம்பி வீட்டு அடுப்போடு இருப்பது என்று மயிலாத்தாளுக்குத் தெரியும். "வர்றஞ் சாமி. பேசுன சம்பந்தத்த முடிச்சுக் குடுத்துட்டு வந்தர்றேன்" என்றாள். ஒன்று முடிய இன்னொன்று வந்துகொண்டே இருந்தது, அவளும் போகாமலே இருந்தாள்.

தாலியறுத்தவள் நல்ல காரியத்துக்கு முன்னால் வரக்கூடாது என்பது ஊர் வழக்கம். ஆனால் அந்த வண்டியின் சத்தம் தெருமுனையில் கேட்டால் அந்த வீட்டில் மேளச்சத்தம் கேட்காமல் போகாது என்பது ஊர் அனுபவம். இரண்டையும் விட ஊருக்கு மனசில்லை. ஆகவே ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது: வண்டி முன்னால், மயிலாத்தாள் பின்னால். வீட்டு ஆண்கள் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுக்க, அவள் பின்னாலிருந்து கேரியரைத் தள்ள, வண்டி நிலைவாசலைத் தாண்டி உள்ளே போகும். அதற்குக் குங்குமம் வைத்து, "வாங்க வாங்க" என்று கும்பிட்டு, வீட்டுக் கூடமான ஆசாரத்தின் நடுவில் நிறுத்துவார்கள். அதன் பின்சக்கரம் நிலையைத் தாண்டிய பிறகு மயிலாத்தாளின் வலதுகால் நிலையைத் தாண்டும். அவள் இதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. பிழைப்பு நடந்தால் சரி.

எண்ணெய் ஒழுக்கு அந்த வண்டிக்குப் புதிதில்லை. நின்ற இடத்தில் எல்லாம் கருப்பாக ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் வரும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஊஞ்ச மரத்தடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த கிட்டுசாமி, "பழைய வண்டி ஒழுகுனா உள்ள எண்ணெய் இருக்குதுன்னு அர்த்தமுங்க. ஒழுகலீன்னாத்தான் பயப்படோணும்" என்பார். அது ஆறுதலா சாக்கா என்று மயிலாத்தாளுக்குத் தெரிந்ததில்லை.

ஆவணி முதல் வாரத்தில் ஒரு வீட்டில் பேச்சு. மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலையை மடித்தபடி, "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. உங்க புள்ளைக்கு நீங்க செய்யறதச் செய்யுங்க. நாங்க வாயத் தொறந்து கேக்க மாட்டோம்" என்றாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்றாகச் சாணம் மெழுகிய தரையில் சொட்டு விழுந்தது. பெண்ணின் அப்பா, "எங்க புள்ளையும் அப்படித்தானுங்க, அதிர்ந்து ஒரு வார்த்த பேசாது" என்று சொல்லவும் எண்ணெய் நூல் பிடித்தாற்போல இறங்க, அதே சமயம் உள்ளறையிலிருந்து, "எவடி என் சீப்ப எடுத்தவ!" என்று ஒரு குரல் ஓட்டைப் பிரித்துக்கொண்டு வந்தது. தரை பாழாகிறதே என்று வெட்கப்பட்டு, மயிலாத்தாள் வண்டியை நேரே கிட்டுசாமியிடம் கொண்டு போனாள்.

கிட்டுசாமிக்கு ஐம்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. மயிலாத்தாள் அவருக்குக் கொண்டுவந்த ஜாதகங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொல்லித் திருப்பிவிடுவார். ஒரு பெண்ணுக்கு ஊர் ரொம்ப தூரம், இன்னொரு பெண்ணுக்கு ஊர் ரொம்பப் பக்கம். வேலையில் அவருக்குக் கர்வம் உண்டு. திருப்புளியின் நுனியை என்ஜினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல கார்புரேட்டர் திருகுவார். வண்டி நின்றபடியே மெதுவாக ஓட அவர் வைத்த ஐடிலில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் ஒரு வாய் வெற்றிலை போட்டுவிடலாம். ஆனால் ஒழுக்கு மட்டும் அவர் கைக்கு அடங்கியதில்லை.

"பேக்கிங் புதுசு போட்டிருக்கறனுங்க. இனி ஒரு சொட்டு ஒழுகாது" என்றார்.

சொட்டு விழுந்தது.

"அது உள்ள தங்குன பழைய எண்ணெய்ங்க."

சொட்டு.

"ரெண்டு மூடியவும் நானே கழட்டி, உப்புக் காயிதம் வெச்சுத் தேச்சு…"

சொட்டு.

மயிலாத்தாள் தரையையும் அவரையும் பார்த்தாள். "தேச்சீங்களா?"

"…சொரண்டுனனுங்க."

விழவில்லை. இரண்டு பேரும் இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தார்கள்.

"நாளைக்குக் காலைல ரெடி பண்ணிர்றேன்" என்றார் கிட்டுசாமி, பரீட்சை பார்ப்பதற்காகவோ பழக்கத்திலோ. விழுந்தது. மயிலாத்தாள் தன் பங்குக்கு, "நான் காலைல சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்றாள். விழுந்தது. கிட்டுசாமி நிமிர்ந்து பார்த்து, "சாப்பிடலீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு வண்டி பேசாமல் இருந்தது.

இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் ஊர் ஒன்றும் மூச்சடைத்துப் போய்விடவில்லை. கிணற்றில் தண்ணீர் ஊறுகிற மாதிரி வண்டியில் பொய் ஊறுகிறது, அவ்வளவுதானே என்று, அதை என்னென்னவற்றுக்குப் பயன்படுத்தலாம் என்று பார்த்தது. கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறவர்கள் வண்டிக்கு வந்தார்கள், ஏனென்றால் கோயில் சத்தியத்துக்குப் பலன் தெரிய வருஷக்கணக்காகும், வண்டி அங்கேயே சொல்லிவிடும். பால்காரர் அந்தத் தெருவை விட்டுவிட்டு வேறு தெரு வழியாகப் போனார். வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிற பிள்ளைகளை அம்மாக்கள் காதைப் பிடித்து இழுத்து வந்து வண்டி முன்னால் நிறுத்தினார்கள். ஒழுகிய எண்ணெயைப் 'பொய்யெண்ணெய்' என்று சொல்லிக் கிண்ணத்தில் பிடித்துப் போய் முட்டியில் தேய்த்துக்கொண்ட ஒருவர், வலி இருந்த இடம் தெரியவில்லை என்று வண்டிக்கு நன்றி சொல்ல வந்தபோது, வண்டி இன்னொரு கிண்ணம் கொடுத்தது.

ஓய்வுபெற்ற தமிழய்யா திருமூர்த்தி வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்து, தொண்டையைச் செருமி, கூட்டத்துக்கு விளக்கினார்: "ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுன்னு நம்ம பெரியவங்க சொல்லவே இல்ல. ஆயிரம் தடவ 'போய்'ச் சொல்லி, நடந்து போய்ச் சொல்லி, கல்யாணம் பண்ணுன்னுதான் சொன்னாங்க. 'போய்'ங்கறதைத்தான் நாம 'பொய்'யாக்கிட்டோம்!"

எல்லாரும் வண்டிக்கு அடியில் வைத்திருந்த தட்டைப் பார்த்தார்கள். ஒரு சொட்டு விழுந்து, தயங்கி, இன்னொன்றும் விழுந்தது.

"வண்டிக்கு இலக்கணம் தெரியாது" என்று தமிழய்யா கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

இதுவரை எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் வண்டிக்குப் பெரிய பொய், சின்னப் பொய் என்ற வித்தியாசம் தெரியவில்லை, அதில்தான் ஊர் உடைந்தது. ஒரு வீட்டுக்கு ஒறம்பரை என்று விருந்தாளி வந்தால், "வாங்க, சாப்பிடுங்க" என்பார்கள், வந்தவர்கள், "இப்பத்தானுங்க சாப்பிட்டுட்டு வந்தோம்" என்பார்கள், கேட்டவர்களுக்குச் சோறு மிச்சம், சொன்னவர்களுக்கு மானம் மிச்சம், இப்படித்தான் அந்தச் சீமையில் மனுஷரும் மனுஷரும் முட்டிக்கொள்ளாமல் காலம் தள்ளினார்கள். இப்போது கேட்டதற்கு ஒரு சொட்டு, சொன்னதற்கு ஒரு சொட்டு. "புள்ள உங்கள மாதிரியே லட்சணமுங்க" என்றால் சொட்டு. "உங்கூட்டு ரசம் நாக்குலயே நிக்குது" என்றால் சொட்டு. சம்பந்தம் பேச உட்கார்ந்தவர்கள் பேச்சு வராமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருந்துவிட்டு, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்து போனார்கள். ஆவணியில் ஊஞ்சப்பாளையத்தில் ஒரு தாலிகூட ஏறவில்லை. கல்யாண மண்டபத்துச் சமையல்காரர் அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு வண்டியைத் திட்டினார்.

மயிலாத்தாளிடம் ஒரே ஒரு சம்பந்தம் மிச்சமிருந்தது. மஞ்சள் மண்டிக்காரர் வீட்டுப் பெண், லாரிக்காரர் வீட்டுப் பையன். இரண்டு வீடும் பெரிய வீடு, வண்டி வந்தால்தான் பேச்சு என்று இரண்டு வீடும் பிடிவாதமாக இருந்தன, வீம்புக்கு. இதுவும் கலைந்தால் இனி ஊரில் ஒருவரும் அவளைக் கூப்பிடமாட்டார்கள். தம்பி போன் போட்டு, "அக்கா, புரட்டாசி பொறந்ததும் நான் வந்து கூட்டிக்கறேன். எம் பொண்டாட்டிக்கும் ஒத்தக்கையா வேல பாத்து ஆவமாட்டீங்குது" என்றான். உண்மையைத்தான் சொன்னான்.

"ஒழுக்க நிறுத்துங்க, இல்லீன்னா வண்டிய எடைக்குப் போட்டுருங்க" என்று மயிலாத்தாள் கிட்டுசாமியிடம் போய் நின்றாள்.

கிட்டுசாமி அதற்குள் ஒரு சித்தாந்தம் செய்து வைத்திருந்தார். "பேச்சு எதுல வருது? காத்துல. வண்டி எதைக் குடிக்குது? காத்த. கார்புரேட்டரோட வாய் எப்பவும் தொறந்தே இருக்குதுங்க. அதுல போற உண்மை பெட்ரோலோட சேந்து எரிஞ்சு போயிருது. பொய் எரியாம அடியில தங்கி, பேக்கிங் சந்துல ஒழுகுது. ஒழுக்க அடைக்க முடியாதுங்க. ஆனா கலவைய மாத்தலாம். சின்னப் பொய்யெல்லாம் எரிஞ்சு போற மாதிரி, பெரிய பொய் மட்டும் ஒழுகற மாதிரி வெச்சுட்டா?"

"அப்படி வெக்க முடியுங்களா?"

"அதென்ன பெரிய வித்தையா" என்றார். ஒரு சொட்டு விழுந்தது. "முயற்சி பண்ணலாமுங்க" என்று திருத்திக்கொண்டார்.

மழைக்கு மூட்டம் போட்ட ஒரு மத்தியானம், ஊஞ்ச மரத்தடியில் வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, அடியில் ஒரு தகரத் தட்டை வைத்து, கிட்டுசாமி சின்னத் திருப்புளியோடு ஒரு பக்கமும் மயிலாத்தாள் டீ டம்ளரோடு மறுபக்கமும் உட்கார்ந்தார்கள்.

"எதுக்குங்க சும்மா உக்காந்துட்டு? பொய் சொல்லுங்க. சின்னதுல இருந்து ஆரம்பிங்க."

"இந்த டீ நல்லா இருக்குது."

சொட்டு. கிட்டுசாமி காற்றுத் திருகை மயிரிழை திருப்பினார். "இன்னொருக்கா."

"இந்த டீ நல்லா இருக்குது."

சொட்டு இல்லை. சைலன்ஸரிலிருந்து ஊதாப் புகை ஒரு சுருள் வந்தது. "எரிஞ்சிருச்சு! பாத்தீங்களா, எரிஞ்சிருச்சு!" என்று கிட்டுசாமி சின்னப்பிள்ளை போலக் கையைத் தட்டினார். அப்புறம், "உங்க டீக்கடைக்காரன் கேட்டா எரிய மாட்டான், அடிக்க வருவான்" என்றார்.

"நீங்க ரொம்ப நல்ல மெக்கானிக்" என்றாள் மயிலாத்தாள்.

புகை வந்தது, அரைச் சுருள்தான். "பாதிப் பொய்யின்னு சொல்லுது" என்று கிட்டுசாமி மனம் நொந்தார். மயிலாத்தாள் சென்னியப்பன் போன பிறகு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"இனி பெருசு. பெருசு எரியாம ஒழுகுதான்னும் பாக்கோணுமில்லீங்க" என்றார்.

"அப்ப நானே கேக்கறேன். பொய்தான் சொல்லோணும், மறந்தராதீங்க. நீங்க ஏனுங்க கல்யாணம் பண்ணிக்கல?"

"எனக்கு அதுல நாட்டமே இல்லீங்க."

டப், டப், டப்.

"ஒருத்தரயுமா புடிக்கல?"

"ஒருத்தரயும் மனசுல நெனச்சதே இல்லீங்க."

எண்ணெய் சொட்டுவதை விட்டுவிட்டு, விளக்குக்கு ஊற்றுகிற மாதிரி இழையாக இறங்கியது. கிட்டுசாமி திருகையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெருசு ஒழுகுது. சரியாத்தான் இருக்குது" என்றார். திருப்புளியைத் துடைத்துக் கீழே வைத்துவிட்டு, "இப்ப நீங்க சொல்லுங்க" என்றார்.

"என்னத்தச் சொல்ல?"

"தனியா இருக்கறது கஷ்டமா இல்லீங்களா?"

"எனக்கென்ன. நல்லாத்தான் இருக்கறேன்."

அது அவள் நினைத்துச் சொன்ன பொய் இல்லை. தம்பியிடம் சொன்னது, காய்காரியிடம் சொன்னது, பக்கத்து வீட்டில் சொன்னது, மாரியம்மன் முன்னால் கண்ணை மூடி நின்றபோதும் சொன்னது. சொல்லிச் சொல்லி வழவழப்பாகி, பொய் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வண்டி மறக்கவில்லை. அடியில் ஏதோ மடை திறந்தாற்போல எண்ணெய் இறங்கித் தட்டு நிறைந்து, வழிந்து, ஊஞ்ச மரத்தின் வேரைச் சுற்றி ஓட, வரிசையாகப் போய்க்கொண்டிருந்த எறும்புகள் நின்று யோசித்து வேறு வழியாகப் போயின.

"பேக்கிங் மாத்தோணும்" என்றார் கிட்டுசாமி.

"ஆமாங்க" என்றாள் மயிலாத்தாள்.

அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எண்ணெய் பார்க்காமல் ஒரு வண்டியையும் வெளியே விடாத கிட்டுசாமி அன்று பார்க்கவில்லை. காலையில் முகம் கழுவுவதற்கு முன்னால் எண்ணெய் பார்க்கிற மயிலாத்தாள் மறுநாள் பார்க்கவில்லை.

மறுநாள் மஞ்சள் மண்டிக்காரர் வீட்டில் பேச்சு. ஆண்கள் இழுக்க, மயிலாத்தாள் தள்ள, வண்டி நிலை தாண்டியது. சின்னப் பொய் எரிய வேண்டுமென்றால் வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கிட்டுசாமி சொல்லியிருந்ததால், ஆசாரத்து நடுவில் ஐடிலில் விட்டாள். அடியில் வெள்ளித்தட்டு வைத்தார்கள். உள்ளே இடம் கிடைத்தவர்கள் உள்ளேயும், கிடைக்காதவர்கள் சன்னலிலும் நின்று தட்டையே பார்த்தார்கள்.

"வாங்க, மொதல்ல சாப்பிடுங்க" என்றார் மண்டிக்காரர், பயந்து பயந்து.

"இப்பத்தானுங்க ஆச்சு" என்றார் லாரிக்காரர், அவரும் பயந்துதான்.

விழவில்லை. கூட்டம் பெருமூச்சு விட்டது. லாரிக்காரரின் சம்சாரம், "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க" என்று இழுத்தாள். விழவில்லை. மண்டிக்காரரின் சம்சாரம், "புள்ள சமையலு நளபாகமுங்க, விடியறதுக்கு முன்னால எந்திரிச்சுருவா" என்றாள். விழவில்லை. இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள். பையன் டீகூடக் குடிக்கமாட்டான், பெண் குனிந்த தலை நிமிரமாட்டாள், லாரிகள் எல்லாம் சொந்தம், தோட்டம் எல்லாம் வில்லங்கமில்லாதது, மாமியார் மருமகளை மகள் மாதிரி வைத்துக்கொள்வாள், மகள் மாதிரி என்ன, மகளை விட மேலாக, என்று வார்த்தைமேல் வார்த்தையாக அடுக்க அடுக்க, தட்டு துடைத்து வைத்த நிலாப்போலப் பளபளத்துக் கிடந்தது. சமையல்காரர் எழுந்து அண்டாவை நிமிர்த்தப் போனார். தமிழய்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வண்டியில ஒழுக்கு நின்னுது, ஊருக்கு ஒழுக்கம் வந்துது!" என்று எழுந்து நின்று சொன்னார். அதற்கும் விழவில்லை. தாம்பூலம் மாற்றினார்கள்.

மயிலாத்தாள் காட்டு வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி வழியாகத் திரும்பி வருகையில், தடதடப்பு திடீரென்று கணீரென்று மாறி, வெண்கலப் பாத்திரத்தைத் தரையில் இழுத்தாற்போல ஒரு கீச்சுக் கேட்டு, வண்டி நின்றது. கிக்கர் கல்லாக இறுகியிருந்தது. கள்ளி வேலியோரமாகத் தள்ளிக்கொண்டே ஒர்க்‌ஷாப் வந்து சேர்ந்தாள்.

கிட்டுசாமி எண்ணெய் மூடியைத் திறந்து அளவுக் கம்பியை விட்டு எடுத்தார். காய்ந்திருந்தது. துடைத்து மறுபடி விட்டார். மறுபடியும் காய்ந்திருந்தது.

"ஒரு சொட்டு இல்லீங்க. பிஸ்டன் புடிச்சுக்கிச்சு."

"அப்ப… அவங்க பேசுனது எல்லாம்?"

"எண்ணெய் இருந்தாத்தானுங்க ஒழுகும்."

"நெறைய ஊத்தித்தான வெச்சிருந்தேன். எப்படித் தீந்துது?"

கிட்டுசாமி காய்ந்த கம்பியைத் துணியால் துடைத்தார், மறுபடி துடைத்தார். "நேத்து இங்க உக்காந்து பேசுனமே. அதுலயே தீந்துருச்சுங்க."

ஊஞ்ச மரத்திலிருந்து ஓர் இலை விழுந்தது. அதைத் தவிர வேறு எதுவும் விழவில்லை.

பேசாமல் விட்டிருந்தால் சம்பந்தம் நிலைத்திருக்கும், தொழிலும் நிலைத்திருக்கும். மயிலாத்தாள் ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, விடிந்ததும் நடந்தே போனாள். வெறும் காலோடு தெருவில் நடக்கையில், தமிழய்யா சொன்ன 'போய்' இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வண்டி இல்லாமல் முதலில் உள்ளே போகக்கூடாது என்பதால் மண்டிக்காரர் வீட்டு வெளிவாசலிலேயே நின்று கூப்பிட்டாள். மண்டிக்காரரும் சம்சாரமும் வெளியே வந்தார்கள். "நேத்து வண்டியில எண்ணெயே இல்லீங்க. அவங்க சொன்னதும் நீங்க சொன்னதும் வண்டி கேக்கல. அத நம்பி முடிவு பண்ணாதீங்க" என்றாள்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மண்டிக்காரர் குரலைத் தாழ்த்தி, "இத அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா?" என்றார்.

"இனித்தான் போறேன்."

"போவாதீங்க, தாயி! புள்ளைக்குச் சுடுதண்ணிகூட வெக்கத் தெரியாது. எப்படியோ நல்லபடியா முடிஞ்சிருக்குது."

அவள் போனாள். லாரிக்காரர் வீட்டு வாசலிலும் அதையே நின்று சொன்னாள். லாரிக்காரரின் சம்சாரம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மண்டிக்காரங்க காதுல மட்டும் போட்டராதீங்க, மயிலாத்தா. அந்த லாரி எல்லாம் எங்க மச்சாண்டாரு, இவரோட அண்ணன் பேர்ல இருக்குது" என்றாள். புரட்டாசி கழிந்து முதல் முகூர்த்தத்தில் அந்தக் கல்யாணம் நடந்தது. பெண் சுடுதண்ணீர் வைக்கக் கற்றுக்கொண்டாள், பையன் அதைக் குடிக்கக் கற்றுக்கொண்டான். அவள் அதட்டல் தெருவைத் தாண்டிக் கேட்கும், அவன் அதற்குச் சிரிப்பது திண்டில் சாய்ந்திருக்கும் மாமியாருக்கு மட்டும் கேட்கும். மயிலாத்தாள் முடித்த கல்யாணங்களில் அதுதான் நல்ல கல்யாணம் என்று ஊர் இன்றைக்கும் சொல்கிறது. மற்ற வீடுகளும் அவளைக் கூப்பிட ஆரம்பித்தன, வண்டி ரெடியாகட்டும் என்று காத்திருந்தன.

வண்டி ரெடியாகவில்லை. சிலிண்டர் ஒரு பக்கம், பிஸ்டன் ஒரு பக்கமாக ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் பரப்பிக் கிடந்தது. மயிலாத்தாள் தினமும் போவாள், கிட்டுசாமி தினமும், "நாளைக்கு ரெடி" என்பார். பிரித்துப்போட்ட வண்டிக்கு ஒழுக வழியில்லை, ஆகவே அவருக்கு வசதியாக இருந்தது. "டீ நல்லா இருக்குதுங்களா?" என்பார். "நல்லாத்தான் இருக்குது" என்பாள். கொஞ்சநாளில் டீ உண்மையாகவே நன்றாக இருந்தது.

ஐப்பசி மழை விட்ட ஒருநாள் போனபோது, வண்டி முழுசாக நின்றிருந்தது. அடியில் தகரத் தட்டு. கிட்டுசாமி சட்டை மாற்றியிருந்தார்.

"ஒண்ணு கேக்கோணுங்க" என்றார்.

"கேளுங்க."

"வெறும் பெட்ரோல் எரியாதுங்க. வெறும் காத்தும் எரியாது. ரெண்டும் ஒரு அளவுல சேந்தாத்தான்…"

"ஏனுங்க, என்னய என்ன கார்புரேட்டருன்னு நெனச்சீங்களா? நேராச் சொல்லுங்க."

கிட்டுசாமி கையைத் துணியில் துடைத்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது. "நீங்க கொண்டாந்த ஜாதகம் எல்லாத்துலயும் ஒரே குறதானுங்க எனக்கு. அதுல ஒண்ணுகூடக் கொண்டு வந்தவங்க ஜாதகமா இல்ல."

எத்தனையோ வீட்டு உள்ளறைக்குள் போய், எத்தனையோ பெண்களின் காதில், 'சொல்லு கண்ணு, சம்மதமா?' என்று மயிலாத்தாள் கேட்டிருக்கிறாள். அவர்கள் பதில் சொல்வதற்கு முன்னால் ஏன் அவ்வளவு நேரம் தரையைப் பார்க்கிறார்கள் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"எனக்குச் சம்மதமுங்க" என்றாள்.

இரண்டு பேரும் குனிந்து தட்டைப் பார்த்தார்கள். தட்டு காய்ந்தே இருந்தது. கிட்டுசாமியின் முகம் மலர்ந்துகொண்டே போனது. மயிலாத்தாளின் முகம் மலரத் தொடங்கி, பாதியில் நின்றது.

"ஏனுங்க, எண்ணெய் ஊத்துனீங்களா?"

கிட்டுசாமி தலையில் அடித்துக்கொண்டார். ஓடிப்போய் எண்ணெய்ப் படியை எடுத்துவந்து, அவசரத்தில் பாதியை உள்ளேயும் மீதியைத் தன் சட்டையிலுமாக ஊற்றினார். மூடியை இறுக்கினார். கிக்கரை உதைத்து, கண்ணை மூடிக்கொண்டு காற்றுத் திருகைத் திருப்பி ஐடில் வைத்தார். "இன்னொருக்காச் சொல்லுங்க."

"எத்தன வாட்டி சொல்றது ஒரு மனுசி?"

"ஆயிரம் வாட்டி கேக்கலீங்க. ஒரே ஒருக்கா."

துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவிலிருந்த இடத்தில் அவள் அதை நிதானமாக வைத்தாள். "எனக்குச் சம்மதமுங்க."

வண்டி துடித்தது, துடித்தது. சொட்டு விழவில்லை, புகைகூட இல்லை.

இந்த வயதில் இவர்களுக்கு இது தேவையா என்று கேட்கச் சிலர் இருந்தார்கள். ஆனால் வண்டியே உட்கார்ந்து பேசி முடித்த சம்பந்தம் என்று ஆன பிறகு, ஊரில் யாரும் வண்டி முன்னால் வந்து அதைக் கேட்கவில்லை. தம்பி வந்து அக்காவுக்குப் புடவை எடுத்துக்கொடுத்து, "எனக்கு ரொம்பச் சந்தோசமுங்க்கா" என்றான். புகை மட்டும் கொஞ்சம் வந்தது.

தையில் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு, வண்டியிலேயே கிட்டுசாமியின் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். தெருவே கூடி நின்றது. கிட்டுசாமி ஹேண்டில்பாரைப் பிடித்தார். மயிலாத்தாள் பழக்கத்தில் பின்னால் போய், மாலையை ஒதுக்கிக்கொண்டு, கேரியரில் கைவைத்துக் குனிந்தாள்.

கிட்டுசாமி ஹேண்டில்பாரை விட்டுவிட்டு ஸ்டாண்டைப் போட்டார்.

"நீங்க முன்னால போங்க" என்றார், தெருவுக்கும் கேட்கிற மாதிரி. "நேத்துத்தான் தரை மெழுகுனது. வண்டி ஒழுகும். அதுக்குத்தான் சொல்றேன், வேற ஒண்ணுமில்ல."

டப் என்று ஒரு சொட்டு விழுந்தது.

மயிலாத்தாள் அதைப் பார்த்தாள். அப்புறம் வலதுகாலை எடுத்து வைத்து, வண்டிக்கு முன்னால் உள்ளே போனாள்.